தந்தையின் தொட்டி, மகனின் மண்

1665ஆம் ஆண்டு மே மாதம். லண்டனில் கடற்படை நிர்வாகத்தில் பெரிய பொறுப்பில் இருந்த சாமுவேல் பெப்பீஸ், கண்ணாடிப் பாத்திரத்து நீரில் நீந்திக்கொண்டிருந்த சில அயல்நாட்டு மீன்களைப் பார்த்தார். இவை இப்படியே காலமெல்லாம் உயிரோடிருக்கும் என்ற பொருளில் தன் நாட்குறிப்பில் வியந்து எழுதிவைத்தார். வீட்டில் ஒரு முறையாவது மீன் தொட்டி வைத்துப் பார்த்தவர்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். கொஞ்சம் வயிற்றெரிச்சலும் வரும்.

கடையிலிருந்து பிளாஸ்டிக் பையில் நான்கு தங்க மீன் வருகிறது. முதல் நாள் பிள்ளைகள் தொட்டியை விட்டு நகர்வதில்லை. ஐந்தாம் நாள் காலை ஒன்று மல்லாந்து மிதக்கிறது. ஏழாம் நாள் இன்னொன்று. நீரோ பளிங்கு. செதிலில் ஒரு கீறல் இல்லை. முந்தின இரவு போட்ட இரையைத் தின்றுவிட்டுத்தான் போயிருக்கிறது. கடைக்காரர், "ஃபீடு ஜாஸ்தியா போட்டிருப்பீங்க" என்கிறார். வீட்டுக்கு வரவிருந்த ஏதோ ஒரு கண்டத்தை மீன் தன் தலையில் வாங்கிக்கொண்டு போய்விட்டது என்கிறார் பாட்டி. இருவரில் கடைக்காரர்தான் உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறார். ஆனால் ஏன் என்று குடைந்தால் பல கடைகளில் அதற்கு மேல் பதில் வராது. அந்த 'ஏன்' என்ற கேள்விக்கு முழு விடை கிடைக்க நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆயின. விடையின் ஒரு பாதி தந்தையிடமும் மறு பாதி மகனிடமும் இருந்தது என்பதுதான் இந்தக் கதையில் வேடிக்கை.

சீனர்கள் காரணம் தேடி மெனக்கெடவில்லை, பழக்கத்தை வைத்தே சமாளித்தார்கள். சோங் அரச காலத்திலிருந்து தங்க மீனைக் குளத்திலும், பிற்பாடு வாய் அகன்ற பெரிய மண் தாழிகளிலும் வளர்த்தவர்கள் அவர்கள். 1596இல் சாங் சியெந்தே என்பவர் செம்மீன் வளர்ப்பைப் பற்றித் தனி நூலே எழுதினார். அகன்ற தாழி, குறைந்த மீன், அடிக்கடி நீர் மாற்றம்: இந்த மூன்றும் ஏன் வேலை செய்கின்றன என்று தெரியாமலே வேலை செய்தன. ஐரோப்பாவுக்குப் போன தங்க மீனுக்கு வாய்த்ததோ உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம். அடியில் பெருத்து வாயில் குறுகியது, காற்றோடு உரசும் நீர்ப்பரப்பு உள்ளங்கை அகலம். பார்க்க அழகு. மீனைக் கொல்வதற்கென்றே யோசித்துச் செய்தால்கூட இதைவிடத் திறமையாகச் செய்ய முடியாது.

மீன் ஏன் சாகிறது என்ற கேள்விக்கு ஐரோப்பா கண்ட முதல் பதில், காற்று. 1770களில் ஜோசப் பிரீஸ்ட்லி, எரிந்து கெட்ட காற்றைப் புதினாச் செடி மீண்டும் நல்ல காற்றாக்குவதைக் கண்டார். வெளிச்சம் இருந்தால்தான் செடி அதைச் செய்யும் என்று 1779இல் யான் இங்கென்ஹௌஸ் காட்டினார். ஆக, மூச்சுமுட்டிச் சாகும் மீனுக்குச் செடிதான் மருந்து என்று கணக்குப் போட இன்னும் ஒரு எட்டுதான் பாக்கி. அதை எடுத்துவைக்க எழுபது ஆண்டுகள் ஆயின.

நடுவில் இரண்டு பெண்கள் வேறு வழியில் முயன்றார்கள். சிசிலியின் மெசினா நகரில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரி ழான் வில்ப்ரோ-பவர், ஓடு சுமக்கும் ஆர்கோனாட் என்ற கணவாய் இனத்தை ஆராய 1832இல் கண்ணாடித் தொட்டிகளைச் செய்து பயன்படுத்தினார். அவருக்குக் கடல் பக்கத்திலேயே இருந்தது. லண்டன்வாசியான அன்னா தைனுக்கு அந்த வசதி இல்லை. 1846இல் டார்கீ கடற்கரையிலிருந்து பவளங்களைக் கொண்டுவந்தவர், திறந்த சன்னலருகே கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றவைத்துக் காற்றேற்றினார். நம் ஊரில் டீ ஆற்றுவது போலத்தான். ஆற்றியவர் வீட்டு வேலைக்காரப் பெண். அவர் பெயர் எந்த அறிவியல் நூலிலும் ஏறவில்லை.

1849இல் ராபர்ட் வாரிங்டன் வருகிறார். லண்டன் மருந்தாளர் சங்கத்தின் கூடமான அப்பாத்தகரீஸ் ஹாலில் வேதியியலாளர். லண்டன் வேதியியல் கழகம் உருவாக முதல் அடி எடுத்துவைத்தவரும் அவரே. சுமார் 12 காலன், அதாவது ஐம்பத்து நான்கு லிட்டர் பிடிக்கும் கண்ணாடிக் கலம் ஒன்றில் அடியில் மணலும் சேறும் கற்களும் பரப்பி, வாலிஸ்னேரியா என்ற நாடா போன்ற நீர்ச்செடியை நட்டு, இரண்டு சிறிய தங்க மீன்களை விட்டார். கொஞ்ச காலம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு செடியின் பழுத்த இலைகள் அழுகின, நீர் கலங்கியது, கண்ணாடியில் பாசி படர்ந்தது. மீனுக்கு ஆபத்து நெருங்குவதைப் பார்த்த வாரிங்டன் ஒரு காரியம் செய்தார். குளத்து நத்தைகள் ஐந்தாறைப் பிடித்துப் போட்டார். அவை அழுகல் இலையைத் தின்றன, பாசியை வழித்தன, அவை இட்ட முட்டைகள் மீனுக்கும் இரையாயின. நீர் தெளிந்தது. மறு ஆண்டு இதை வேதியியல் கழகத்தின் முன் அறிவித்தார்.

மீன் விடும் மூச்சு செடிக்கு, செடி விடும் மூச்சு மீனுக்கு, இரண்டின் கழிவும் நத்தைக்கு. கேட்டதும் மனதில் பதிந்துவிடும் வட்டம். அதன் பெயர் சமநிலைத் தொட்டி. நீரை மாற்றாமலேயே ஒரு குட்டிக் குளத்தை வரவேற்பறையில் வைத்துக்கொள்ளலாம் என்ற ஆசையை அது கிளப்பிவிட்டது. பிரிட்டனில் 1845இல் கண்ணாடி வரி நீக்கப்பட்டிருந்ததால் கண்ணாடியும் மலிவு. 1853இல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன்களுக்கென்று தனிக் கட்டடம் திறக்கப்பட்டது. அதற்கு உயிரினங்களைத் திரட்டித் தந்தவர்களில் ஒருவரான பிலிப் ஹென்றி காஸ் மறு ஆண்டு எழுதிய நூலால் 'அக்வேரியம்' என்ற சொல் வீடுவீடாகப் போனது.

வீடுவீடாகச் சாவும் போனது. சமநிலையை நம்பி வாங்கிய தொட்டிகளில் ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில் மீன்கள் மிதந்தன. நீர் நாறியது. 1868இல் தன் மீன் தொட்டி நூலில் பாதிரியார் ஜே. ஜி. வுட், அந்த மோகத்தை வந்து தணிந்த ஒரு காய்ச்சலோடு ஒப்பிட்டார். காய்ச்சல் தணிந்த வீடுகளில் தொட்டி பூச்சாடியாயிற்று.

வாரிங்டனின் கணக்கில் எங்கே ஓட்டை? பகலில் செடி ஆக்சிஜன் தருகிறது, சரி. இரவில் அதே செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. கோயில் தெப்பக்குளத்தில் பாசி பச்சைப்பசேலென்று திரண்ட கோடையில், விடியற்காலையில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதப்பதைப் பார்த்திருப்போம். யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஊரே பேசும். பகலெல்லாம் படியளந்த பாசி இரவில் திருப்பி எடுத்துக்கொண்டதன் விளைவாகவும் அது இருக்கலாம். அப்படிப்பட்ட சாவில் பெரிய மீன்தான் முதலில் போகும். அதற்குத்தான் மூச்சுத் தேவை அதிகம். இதை மட்டும் வைத்தே பழகிய கண் பாதி வழக்கை முடித்துவிடும்.

ஆனால் மூச்சுமுட்டல் வழக்கின் ஒரு பாகம் மட்டுமே. ஏர் பம்ப் இரவு பகலாகக் குமிழி விடும் தொட்டியிலும் மீன் சாகிறதே! வாரிங்டன் கண்ணில் படாத ஒன்று அவர் தொட்டியிலேயே இருந்தது. அடியில் பரப்பிய அந்த மணலிலும் சேற்றிலும்.

இந்த இடத்துக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டே மிக அருகில் வந்தவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்டு. லண்டனில் தொட்டி வியாபாரியாகத் தொடங்கி, ஹாம்பர்க் நகரின் மீன் காட்சியகத்தையும் 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் காட்சியகத்தையும் அமைத்தவர். பார்வைத் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய நீர்த்தேக்கத்தைத் தரைக்கு அடியில், இருட்டில் கட்டி, அந்த நீரை இடைவிடாமல் தொட்டிகளுக்கு ஏற்றி இறக்கினார். இருட்டில் பாசி சாகும், ஓட்டத்தில் காற்று கலக்கும் என்பது அவர் நியாயம். நியாயம் அரைகுறை. வேலையோ நன்றாக நடந்தது. பெரிய பரப்பு, ஓயாத ஓட்டம், நிறைய ஆக்சிஜன், வெளிச்சமின்மை என்று அவர் ஏற்படுத்திக் கொடுத்த எல்லாமே, அப்போது யாருக்கும் பெயர் தெரியாத சில நுண்ணுயிர்களுக்கு விருந்து. இன்றைய பெரிய காட்சியகங்களின் பின்புறத்துக் குழாய்களும் தேக்கங்களும் லாய்டின் பேரப்பிள்ளைகள்தாம்.

வாரிங்டனுக்கு ஒரு மகன். அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன். தந்தை தொட்டி வைத்த 1849இல் பதினோரு வயது. வேதியியலைத் தந்தையின் ஆய்வகத்திலேயே கற்றவர். 1876இல் ராதம்ஸ்டெட் விவசாய ஆய்வுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த கேள்விக்கும் மீனுக்கும் சம்பந்தமே இல்லை: எருவில் உள்ள அம்மோனியா, மண்ணில் எப்படி நைட்ரேட்டாகிறது?

1877இல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் இருவரும் ஒரு குழாயில் மணலை நிரப்பிச் சாக்கடை நீரை மெல்ல வடியவிட்டார்கள். சில வாரங்கள் கழித்து வெளியே வந்த நீரில் அம்மோனியா போய் நைட்ரேட் இருந்தது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. வெறும் வேதிவினை என்றால் குளோரோஃபார்முக்கு மயங்குமா? ஆகவே இது உயிருள்ள ஏதோ ஒன்றின் வேலை. மகன் வாரிங்டன் இதைத் தானும் செய்து பார்த்து உறுதிப்படுத்தினார். பிறகு ஆண்டுக்கணக்கில் குடுவைகளோடு மல்லுக்கட்டி இன்னொன்றையும் பிரித்துக் காட்டினார். மாற்றம் ஒரே தாவலில் நடப்பதில்லை. முதலில் அம்மோனியா நைட்ரைட் ஆகிறது, அப்புறம்தான் நைட்ரைட் நைட்ரேட் ஆகிறது. இரண்டு படிகள், இரண்டு வேறு உயிர்கள். அந்த உயிர்களைத் தனியே பிடித்து வளர்க்கும் பெருமை மட்டும் அவர் கைக்கு எட்டவில்லை. 1890இல் சூரிச் நகரில் வேலை செய்த ருஷ்யர் செர்கேய் வினோகிராட்ஸ்கி அதைத் தட்டிச் சென்றார்.

ஒரு வேளை உணவு மேசையில் தந்தை தன் தொட்டியைப் பற்றியும் மகன் தன் மண்ணைப் பற்றியும் நிதானமாகப் பேசியிருந்தால்? அதற்கு வாய்ப்பில்லை. தந்தை 1867இலேயே காலமாகிவிட்டார், மகன் மண்ணில் கைவைப்பதற்குப் பத்தாண்டு முன்பு. மகனின் கண்டுபிடிப்பு உரக்காரர்களுக்குப் போனது, சாக்கடைப் பொறியாளர்களுக்குப் போனது. 1914இல் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் இருவரும் கழிவுநீரில் காற்றை ஊதி நுண்ணுயிர்ச் சகதியை வளர்த்து அம்மோனியாவை ஒழித்தார்கள். உலக நகரங்களின் கழிவுநீர் இன்றும் பெரும்பாலும் அந்த வழியில்தான் சுத்தமாகிறது. சாக்கடை சுத்தம் செய்பவருக்குத் தெரிந்த ரகசியம் மீன் வளர்ப்பவரின் காதுக்கு வந்துசேரவில்லை. அவர் இன்னும் செடியையும் நத்தையையும் எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில் சென்னைக்கும் ஒரு மீன் காட்சியகம் வந்தது. அருங்காட்சியகத் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியில் உருவாகி, 1909இல் மெரினாவில் திறக்கப்பட்டது. கடல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது நீரைப் பற்றிய கவலை குறைவு. மெசினாவில் வில்ப்ரோ-பவருக்கு இருந்த அதே சௌகரியம்.

கடல் பக்கத்தில் இல்லாத வீட்டுத் தொட்டியில் அம்மோனியா எங்கிருந்து வருகிறது? மீன் சிறுநீரிலிருந்து என்றுதான் பலரும் நினைப்பார்கள். 1929இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஹோமர் ஸ்மித், மெல்லிய ரப்பர்த் தடுப்பால் இரண்டாகப் பிரித்த கலத்தில் மீனின் தலைப்பக்கம் ஓர் அறையிலும் வால்பக்கம் இன்னோர் அறையிலும் இருக்கும்படி வைத்துச் சோதித்தார். சிறுநீரகம் வெளியேற்றுவதைப் போல ஆறிலிருந்து பத்து மடங்கு நைட்ரஜன் கழிவு செவுள் வழியாக வெளியேறியது. மீன் மூச்சு விடும்போதெல்லாம் நஞ்சை விடுகிறது. ஆற்றில் அது அடித்துக்கொண்டு போய்விடும். கண்ணாடிக்குள் எங்கே போகும்?

அந்த நஞ்சுக்கு இரண்டு முகம். நீரில் ஹைட்ரஜன் அயனியோடு சேர்ந்து அம்மோனியமாக இருக்கும்போது அது ஓரளவு சாது. தனி அம்மோனியாவாக நிற்கும்போது செவுளை அரிக்கும். எது எவ்வளவு என்பதை நீரின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, தீர்மானிக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 என்றால் மொத்தத்தில் இருநூறில் ஒரு பங்குதான் நஞ்சு முகம் காட்டும். 8 என்றால் இருபதில் ஒன்று. 9 ஆகிவிட்டால் மூன்றில் ஒன்றுக்கும் மேல். அதே மீன், அதே இரை, அதே தொட்டி. தெரு மாறி, ஆழ்துளைக் கிணற்று நீர் மாறினால் விதி மாறுகிறது.

நியூயார்க் காட்சியகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆட்ஸ் 1949இல், சமநிலைத் தொட்டி வெறும் கட்டுக்கதை என்று வெளிப்படையாகவே எழுதினார். வீட்டுத் தொட்டியில் ஆக்சிஜன் பெரும்பாலும் செடியிலிருந்து வருவதில்லை, நீரின் மேற்பரப்பு வழியாகக் காற்றிலிருந்து வருகிறது என்பது அவர் வாதத்தின் அடிநாதம். நூறாண்டுப் பழைய ஒரு நம்பிக்கை சரிய, அந்த வெற்றிடத்துக்குள் நுண்ணுயிர்கள் மெதுவாக நுழைந்தன. 1950களில் ஜப்பானில் சாயெகி என்பவர் வடிகட்டி மணலின் பாக்டீரியாக்களை ஆராய்ந்தார். 1970இல் ஸ்டீஃபன் ஸ்பாட்டி, மூடிய தொட்டிகளின் நீர் மேலாண்மை பற்றி எழுதிய புத்தகம் இதையெல்லாம் ஒரே இடத்தில் கோத்தது. மகன் வாரிங்டனின் குடுவைக்கும் தந்தை வாரிங்டனின் தொட்டிக்கும் நடுவே பாலம் போட இத்தனை நாள்.

இதற்குள் வீட்டுத் தொட்டியே மாறியிருந்தது. இரும்புச் சட்டமும் ஈயச் சாயம் கலந்த புட்டியும் போய், 1960களில் சிலிக்கோன் பசையால் ஒட்டிய முழுக் கண்ணாடித் தொட்டி வந்தது. 1955இல் ஜெர்மனியின் உல்ரிச் பேன்ஷ் தயாரித்த செதில் இரை, புழு தேடி அலையும் வேலையை ஒழித்தது. அதோடு ஒரு புது வழி சாவுக்கும் திறந்தது. கடைக்காரர் சொன்ன ஃபீடு கணக்கு இங்கேதான் வருகிறது. அத்தகைய இரையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் புரதம். ஒரு கிராம் இரையில் ஏறத்தாழ 70 மில்லிகிராம் நைட்ரஜன். பாதிக்கு மேல் அம்மோனியாவாக வெளிவரும். ஐம்பது லிட்டர் தொட்டியில் அது லிட்டருக்கு ஒரு மில்லிகிராமைத் தொட்டுவிடும். பி.எச். 8 உள்ள நீரில் செவுள் புண்ணாக இது போதும். பசிக்கிறதே பாவம் என்று குழந்தை போடும் இரண்டு சிட்டிகைக்குள் இருக்கிறது இவ்வளவும்.

புதுத் தொட்டி மர்மம் இப்படி அவிழ்கிறது. கழுவித் துடைத்த தொட்டியில் பாக்டீரியா கிடையாது. மீன் வந்ததும் அம்மோனியா ஏறுகிறது. ஓரிரு வாரத்தில் முதல் கூட்டம் பெருகி அதை நைட்ரைட்டாக்கும். இரண்டாம் கூட்டம் இன்னும் வந்துசேராததால் இப்போது நைட்ரைட் ஏறும். அது ரத்தத்தில் புகுந்து ஹீமோகுளோபினைக் கெடுத்து, ரத்தத்தையே காப்பி நிறமாக்கும். நீரில் ஆக்சிஜன் நிறைந்திருந்தும் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அந்தத் தருணத்தில் தொட்டியில் ஒரு சிட்டிகை உப்புப் போடும் பழைய கைவைத்தியம் வெறும் நம்பிக்கை இல்லை. உப்பிலுள்ள குளோரைடு, செவுளில் நைட்ரைட் நுழையும் வாசலில் முண்டியடித்து இடம் பிடித்துக்கொள்கிறது. இரண்டு கூட்டமும் நிலைபெற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஐந்தாம் நாளும் ஏழாம் நாளும் செத்த தங்க மீன்கள் இந்தக் காலக்கெடுவுக்குள் மாட்டிக்கொண்டவை.

ஞாயிற்றுக்கிழமைச் சுத்தம் இன்னொரு வகை. நீரை முழுக்கக் கொட்டி, கல்லையும் ஃபில்டர் ஸ்பாஞ்சையும் குழாயடியில் வைத்துப் பளபளவென்று தேய்த்து, புது நீர் பிடித்து மீனை விட்டால், திங்கட்கிழமை தொட்டி பிறந்த குழந்தை. மாதக்கணக்கில் சேர்ந்த பாக்டீரியா சாக்கடையில். அதோடு, கார்ப்பரேஷன் குழாயின் குளோரின் வேறு. 1905இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் டைபாய்டு பரவியபோதும், 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியிலும் குடிநீரில் குளோரின் கலப்பது தொடங்கியது. எத்தனையோ லட்சம் குழந்தைகளைக் காப்பாற்றிய அதே குளோரின் மீனின் செவுளைச் சுட்டது. நீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்தால் போய்விடும் என்ற உபாயம் உலகம் முழுக்கப் பரவியது. சில நகரங்கள் அதற்குப் பதில் குளோரமைனுக்கு மாறின. அது வாளியில் வைத்தால் எளிதில் போகாது. அந்த நகரங்களில் பல வருடம் ஒழுங்காக நீர் பிடித்துவைத்து மீன் வளர்த்தவர்கள் ஒரே இரவில் எல்லாவற்றையும் இழந்து, தங்கள் பக்கம் என்ன தவறு என்று புரியாமல் நின்றார்கள். தவறு தண்ணீர் நிலையத்தில் எடுத்த ஒரு முடிவில் இருந்தது.

இதற்கு நேர் எதிரான சாவும் உண்டு. வருடக்கணக்காக யாரும் நீர் மாற்றாத, மீன்கள் சௌக்கியமாக இருக்கும் தொட்டி. பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும்போது அமிலம் பிறக்கும். அது நீரின் காரத்தைச் சிறுகச் சிறுகத் தின்றுவிடும். பி.எச். 6க்குக் கீழே சரிந்தால் பாக்டீரியாக்களே சோர்ந்து, அம்மோனியம் குவியும். சாதுவான முகம் என்பதால் மீன் தாக்குப்பிடிக்கிறது. ஊரிலிருந்து வந்த மைத்துனர், "என்ன மாப்ளே, தண்ணிய மாத்துறதே இல்லையா?" என்று பாதி நீரை இறைத்துக் கடினமான கிணற்று நீரை ஊற்றுகிறார். பி.எச். குபீரென்று ஏற, சாது அத்தனையும் நஞ்சாகிறது. மாலைக்குள் எல்லாம் முடிந்தது. சுத்தம் செய்ததால் செத்தது என்று வீட்டார் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் உண்மை.

சென்னை கொளத்தூர்ப் பக்கம் வண்ண மீன் தொழிலில் இருப்பவர்களுக்கு இதன் தம்பியைத் தெரியும். கப்பி, மோலி, ஏஞ்சல் என்று ஆக்சிஜன் நிரப்பிய பைகளில் வெளியூர் போகும் மீன்கள் பயணத்தில் பெரும்பாலும் பிழைத்துவிடுகின்றன. மூடிய பையில் மீன் விடும் கரியமில வாயு நீரை அமிலமாக்க, அம்மோனியா அடங்கிக் கிடக்கும். பையைப் பிரித்ததும் அந்த வாயு ஓடிவிட, பி.எச். ஏறி, அம்மோனியா நஞ்சு முகம் காட்டுகிறது. பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தும் பொறுமைசாலிகள், பையைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் மீனை அதிலேயே விட்டால், பொறுமையே கெடுதலாகும் இடம் அது.

நோயால் சாவதும் உண்டு, ஆனால் அது சொல்லிவிட்டுத்தான் வரும். ரவை தெளித்தாற்போல உடம்பெங்கும் வெண்புள்ளி வைக்கும் ஒட்டுண்ணியை 1876இலேயே பிரெஞ்சுக்காரர் ஃபூக்கே விவரித்துவிட்டார். வரிசையாக, நாட்கணக்கில், புள்ளியோடு சாவது நோய். எல்லாம் ஒரே ராத்திரியில், அடையாளமே இல்லாமல் போவது பெரும்பாலும் நஞ்சு அல்லது மூச்சு. அந்த நஞ்சு நீருக்கு வெளியிலிருந்தும் வரலாம். 1949இல் அலெத்ரின் என்ற முதல் செயற்கைப் பைரெத்ராய்டு உருவாக்கப்பட்டது. இந்தக் குடும்பத்து மருந்துகள்தான் இன்று கொசுவத்தியிலும் சுவரில் செருகும் கொசு மருந்திலும் இருப்பவை. மனித உடம்பு இதை எளிதில் சிதைத்துவிடும், மீனால் அது சரியாக முடியாது. அறைக் காற்றை உறிஞ்சி நீருக்குள் ஊதும் ஏர் பம்ப், சன்னலைச் சாத்திய படுக்கையறையில் கொசுவத்திப் பக்கத்திலேயே இரவெல்லாம் ஓடுகிறது.

தொட்டிக்குள் உண்மையில் வேலை செய்வது யார் என்ற கேள்விக்கு, அதற்குப் பிறகும் பதில் மாறிக்கொண்டே இருந்தது. வினோகிராட்ஸ்கியின் வழிவந்த நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்ற இரண்டு பெயர்களையும் பாடப் புத்தகம் தொடங்கி பாட்டில் லேபிள் வரை எல்லாரும் ஒப்பித்தார்கள். 1990களில் டிமதி ஹோவானெக்கும் கூட்டாளிகளும் நன்னீர்த் தொட்டிகளின் மரபணுவைச் சோதித்தபோது நைட்ரோபாக்டர் தென்படவில்லை. நைட்ரைட்டைத் தின்றது நைட்ரோஸ்பைரா. 2011இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பல வீட்டுத் தொட்டி ஃபில்டர்களில் அம்மோனியாவைத் தின்பது பெரும்பாலும் பாக்டீரியாவே இல்லை, ஆர்க்கியா என்ற வேறு வகை உயிர் என்று காட்டினார்கள். 2015 முடிவில் இன்னொரு அதிர்ச்சி. இரண்டு படியையும் ஒரே உயிர் தனியாகச் செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைராக்களை இரு குழுக்கள் அறிவித்தன. நெதர்லாந்துக் குழுவுக்கு அது கிடைத்த இடம், மீன் வளர்க்கும் ஒரு தொட்டி அமைப்பின் ஃபில்டர். இரண்டு படி, இரண்டு உயிர் என்று மகன் வாரிங்டன் வகுத்த கணக்கில் ஒரு விதிவிலக்கு, தந்தை வாரிங்டனின் துறையிலிருந்து வந்தது.

ராதம்ஸ்டெட்டில் மகன் வாரிங்டன் ஒவ்வொரு புதுக் குடுவையிலும் மாற்றத்தைத் தொடங்கிவைக்கத் தோட்ட மண்ணில் ஒரு துளி எடுத்துச் சேர்ப்பார். பிறகு ஏற்கெனவே வேலை நடந்துகொண்டிருக்கும் குடுவையிலிருந்து கொஞ்சம் எடுத்து அடுத்ததில் விடுவார். இன்று தொட்டி வைக்கும் அனுபவசாலி, நண்பர் வீட்டுப் பழைய தொட்டியின் அழுக்கு ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கிவந்து புதுத் தொட்டியில் பிழிகிறார். நீர் ஒரு நிமிடம் பழுப்பாகக் கலங்கும். பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டார் முகம் சுளிப்பார்கள். அவர் ஃபில்டரை ஓடவிட்டு, மீன் வாங்க அடுத்த வாரம் போகலாம் என்பார்.